மஞ்சள் வண்டிக்கு வந்த சீக்கு

"செத்துப்போச்சுன்னு சொல்றேன்ல அக்கா, செத்ததைப் போட்டு இப்படி இழுத்துக்கிட்டு—"

"தள்ளி நில்லுடா, உன் நிழல்ல இன்ஜினே தெரியல—"

"—பிஸ்டன் சிக்கிக்கிச்சு. கயிறு கல்லா வருது பாரு, அது பிஸ்டனேதான்—"

"உன் வாய் என்னைக்காவது சிக்குதா பாரு. எந்தக் குளிர்லயும் அது ஒண்ணுதான் முத இழுப்புலயே கிளம்புது."

ரிஸ்தீன் ஒரு காலை வண்டியின் விளிம்பில் ஊன்றி, இரண்டு கையாலும் மறுபடி கயிற்றை இழுத்தாள். கயிறு ஒரு சாண் வந்து நின்றது. உள்ளே ஏதோ முனகியது. அவ்வளவுதான். கொட்டகை வாசலில் அவளுடைய பனிவண்டி, மூக்கைப் பனிமேட்டில் வைத்துக்கொண்டு, கேட்பாரற்ற கழுதை மாதிரி கிடந்தது. மஞ்சள் வண்டி என்று பெயர். வெயிலும் பனியும் தின்றது போக மிச்சமிருந்த மஞ்சள், வெந்த உருளைக்கிழங்கின் நிறத்துக்கு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆன்டேக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் வாங்கியது.

ஆன்டே அவளுக்குத் தம்பி. ஐம்பதைத் தாண்டிய தம்பி. கறுப்பும் பச்சையுமாக, மார்பிலும் முதுகிலும் கம்பெனிப் பெயர் எழுதிய உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றான். பந்தய ஓட்டிகள் போடுகிற உடுப்பு. பந்தயத்துக்கு அவன் போனதுண்டு, ஒவ்வொரு ஈஸ்டருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சூப்பு குடித்துவிட்டு வருவான். பக்கத்தில் அவனுடைய புது வண்டி நின்றது. பளபளவென்று, எங்கும் ஒரு இடுக்கு இல்லாமல் மூடி, கைப்பிடிக்கு நடுவே ஒரு சின்னத் திரையோடு.

"என் வண்டியில எது கெட்டாலும் திரையில அதுவே எழுதிக் காட்டும்" என்றான்.

"காட்டும். படிக்கிறதுக்கு நீதான் இருக்கேங்கிறது அதுக்குத் தெரியாது பாவம்."

விஷயம் வண்டியைப் பற்றியது மட்டும் இல்லை. சாயங்காலம் வெயில் இறங்கி, மேல்பனி உறைந்து, குளம்பு புதையாத அளவுக்குக் கெட்டியானதும் மந்தை கிளம்புகிறது. சினைப் பனிமான்களைக் குட்டி போடுகிற நிலத்துக்கு, கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆற்றுப் பனிக்கட்டி இன்னும் சில நாள்தான் தாங்கும். முன்னால் ஒருவர் வழி காட்டிப் போவார். பக்கங்களில் இரண்டு பேர். கடைசியில் வருகிறவருக்கு 'வால்' என்று பெயர். பின்தங்கிப் படுத்துக்கொள்கிற சினையையும் நொண்டியையும் எழுப்பி, அதட்டி, சில சமயம் வண்டிக்குப் பின்னால் கட்டிய இழுவையில் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவது வாலின் வேலை. அது ரிஸ்தீனுடைய இடம். ஓடுகிற வண்டி இல்லாதவருக்கு மந்தையோடு இடம் கிடையாது. இடம் இல்லையென்றால், அவருடைய மான்கள் இன்னொருவர் பொறுப்பில் போகும். கோடை முழுக்க எங்கே மேய்ப்பது, இலையுதிர் காலத்தில் எதை அறுப்பது, எதை விடுவது எல்லாம் அந்த இன்னொருவர் வாயில்.

அந்த இன்னொருவர் யார் என்று கேட்கவே வேண்டாம். காலையில், ரிஸ்தீன் வண்டியின் மூடியைத் திறப்பதற்கு முன்பே, ஆன்டே மந்தைக்காரர் கூட்டமைப்பின் தலைவி பியெத்ராவுக்குப் போன் போட்டு, "அக்கா வண்டி செத்துப்போச்சு, அவ மானெல்லாம் நான் பாத்துக்கிறேன், அவ சமையல் வண்டியோட ரோட்டு வழியா வந்துருவா" என்று சொல்லி முடித்துவிட்டான். அதை வந்து அவளிடம் நல்ல சேதி மாதிரி சொல்லவும் செய்தான்.

"சமையல் வண்டியில என்ன குறைச்சல்? உக்காந்துக்கிட்டே வரலாம். ஹீட்டர் இருக்கு."

"ஹீட்டர் உனக்கு வேணும்னா நீ போ. உன் உடுப்புக்கு அது பொருத்தமா இருக்கும். பஸ்ஸில விளம்பரம் ஒட்டின மாதிரி."

அவள் பிளக் இரண்டையும் கழற்றினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நுனி நல்ல காப்பி நிறத்தில் இருந்தது; ஈரமும் இல்லை, கரியும் இல்லை. ஒன்றை ஒயரோடு மாட்டி இன்ஜின் இரும்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இழு."

"நானா?"

"திரையில எழுதிக் காட்டினாத்தான் இழுப்பியா?"

ஆன்டே இழுத்தான். நீலப் பொறி சொடுக்கியது. ஆனால் அவன் பொறியைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் ஏறியது. பிறர் நஷ்டத்தில் ஏறுகிற அந்தச் சந்தோஷத்தைச் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மறைக்கத் தெரியாது.

"பாத்தியா, பாத்தியா! பிளக் ரெண்டும் வெளிய இருக்கு. உள்ள காத்து அழுத்தமே கிடையாது. கயிறு வெண்ணெயில விட்ட கத்தி மாதிரி வரணும். ஆனா இன்னும் கல்லு! இப்ப என்ன சொல்றே? சிக்கிக்கிச்சு. நான் சொன்னா கேக்கமாட்டே."

அவன் சொன்னது நியாயம்தான். அவன் வாயிலிருந்து நியாயம் வருவது அபூர்வம் என்பதால், அது வரும்போது ஆளை நிலைகுலைய வைத்துவிடுகிறது. பிளக் இல்லாத இன்ஜின் கயிறு இவ்வளவு கனக்கக் கூடாது. ஒரு நிமிஷம் சமையல் வண்டியின் ஜன்னல் வழியாக, தூரத்தில் மேட்டைக் கடக்கிற மந்தையைப் பார்ப்பது போல அவளுக்குத் தோன்றியது. பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பது போல.

ஆனால் முகத்தில் அதைக் காட்டுவாளா? டார்ச்சை எடுத்து, பிளக் இருந்த துளைக்குள் வெளிச்சம் அடித்துக் கண்ணை வைத்தாள்.

"மறுபடி இழு. மெதுவா. பெண்டாட்டி கையிலேர்ந்து சம்பளப் பணத்தை இழுக்கிற மாதிரி."

அவன் பல்லைக் கடித்து இழுத்தான். துளைக்குள் பிஸ்டனின் தலை, பளிச்சென்று, மேலே ஏறி, கீழே இறங்கியது.

"அடேய் மேதாவி. சிக்கின பிஸ்டன் ஏறி இறங்குமா?"

"இறங்குதா?"

"வந்து பாரு. பாவம், உசிரோட இருக்கு. நீ காலையிலேயே இறுதிச் சடங்குக்கு ஆள் சொல்லிட்டே."

"அப்புறம் ஏன் கனக்குது?"

கேள்வி நல்ல கேள்வி. அடியில் பனி உறைந்து, சக்கரத்துக்குப் பதிலாக ஓடுகிற பட்டை ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அவள் முதலிலேயே வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டை மேல் வைத்திருந்தாள். ரப்பர்ப் பட்டை தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பனி ஒட்டவில்லை.

"இன்னொரு தடவை இழு" என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை இன்ஜினைப் பார்க்காமல் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று முழு வண்டியையும் பார்த்தாள்.

அவன் கயிற்றை இழுத்தான். பின்னால் தொங்கிய பட்டை ஒரு விரல்கடை நகர்ந்தது.

"நிறுத்து. இழு. நிறுத்து." பட்டை நகர்ந்தது, நின்றது. "அட! கயிறு இன்ஜினை மட்டும் இழுக்கல. மொத்தப் பட்டையையும் சேர்த்து இழுக்குது. இன்ஜின் சும்மா இருக்கிறப்ப கிளட்ச் திறந்துதானே கிடக்கணும்? பெல்ட் தொளதொளன்னு கிடக்கணும். இங்க எவனோ உள்ள உக்காந்து பெல்ட்டைக் கவ்வியிருக்கான்."

"நான்தான் ஞாயித்துக்கிழமையே சொன்னேனே, கிளட்ச் வழுக்குதுன்னு."

"நீ சொன்னது 'உன் ஓட்டை வண்டி கத்துது, நகரமாட்டேங்குது'ன்னு. அதை நீ வருஷத்துக்கு இருபது தடவை சொல்றே. நாய் குரைக்கிறதுக்கெல்லாம் எழுந்து கதவைத் திறந்து பாப்பாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை அவன் அந்த வண்டியைக் கடன் கேட்டு வந்தபோது அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஓட்டை, தகரம், அருங்காட்சியகம் என்றெல்லாம் அவன் பெயர் வைத்த வண்டி. ஏரியில் மீன் பிடிக்கப் போகிறேன், புது வண்டியின் இருக்கையில் மீன் நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்றான். நாற்றம் ஒட்டுவதற்கு அக்கா வண்டி. சரி, எடுத்துக்கொண்டு போ என்று விட்டாள். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் மூடியைத் திறக்கிறாள்.

இன்ஜினின் ஓட்டத்தைப் பட்டைக்குக் கொண்டுபோகிற பெல்ட்டை மூடிய தகட்டை அவள் கழற்றினாள். முன்பக்கக் கிளட்சின் இரண்டு தட்டுக்கும் நடுவே பெல்ட் இறுகிப்போய் இருந்தது. தொட்டால் வரவில்லை. ஸ்பேனரின் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. கடைசியில் காயத்தில் ஒட்டிய துணி பிரிகிற மாதிரி சத்தத்தோடு வந்தது.

அந்த நேரத்துக்குத்தான் ஆன்டேயின் மனைவி சுன்னா காப்பிக் கெட்டிலையும் கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ரிஸ்தீனின் கறுப்பு நாய். சுன்னா அந்த ஊர் வழக்கப்படி கோப்பைகளில் பாற்கட்டித் துண்டுகளைப் போட்டு, மேலே காப்பியை ஊற்றினாள்.

"அண்ணி, மணியாகுது. பியெத்ரா ஆளுங்க வேலியைத் திறக்கத் தயாரா நிக்கிறாங்களாம். வண்டி எப்படி?"

"உன் புருஷன் சொல்றான் பிணம்னு. நான் இன்னும் நாடி பாத்துக்கிட்டிருக்கேன்."

"அவர் சொன்னா உயிரோடதான் இருக்கும், அண்ணி. எங்க கல்யாணத்தப்ப எங்கப்பாவைப் பத்தி ரெண்டு மாசம்தான் தாங்குவார்னாரு. எங்கப்பா போன வாரம் கூரையேறிப் பனி தள்ளினார்."

பிளக்குகளை மாட்டி, பெல்ட் இல்லாமலேயே, ரிஸ்தீன் கயிற்றை இழுத்தாள். கயிறு கையோடு பறந்து வந்தது. அவள் கிட்டத்தட்ட பின்னால் விழப்போனாள். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நீலப்புகையைக் கக்கிவிட்டு, தடதடதடவென்று, சாப்பாட்டுக்குப் பிறகு கதை பேச உட்கார்ந்த கிழவி மாதிரி நிதானமாக ஓட ஆரம்பித்தது. பாரம் இல்லாத இன்ஜினை ஆக்சிலேட்டரில் கை வைத்துக் கதற விடக் கூடாது. அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்தாள்.

"இன்ஜின்ல கோளாறு கிடையாது" என்றாள்.

ஆன்டே காப்பியை ஒரு மிடறு குடித்தான். அடியில் கிடந்த பாற்கட்டியைக் கரண்டியால் எடுத்து மென்றான். யோசிக்கிறான் என்பது தெரிந்தது. தோற்ற இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மூட்டையைத் தூக்குகிறான்.

"அப்ப கிளட்ச் போச்சு. அது இன்ஜினை விட மோசம். இந்தக் கிளட்ச் இப்ப யாரும் செய்யறதில்ல. என்னைக்கு ஆர்டர் போட்டு, என்னைக்கு வரும்! மந்தை இன்னைக்குப் போகுது."

"காப்பியைக் குடி. வாய்க்கு வேலை இருக்கட்டும்."

அவள் குனிந்து தட்டுகளுக்குள் டார்ச் அடித்தாள். உள்முகம் முழுக்க ஏதோ அப்பியிருந்தது. வெண்மையாக, கெட்டியாக, மெழுகு மாதிரி. பெல்ட்டின் ஓரங்களிலும் அதேதான்.

ஆன்டே எட்டிப் பார்த்தான். "கிரீஸ்! பேரிங் உருகி வெளிய வந்திருக்கு. சொல்றேன்ல, ஒண்ணொண்ணா எல்லாம் கழண்டுபோச்சு. பேரிங் போனா அவ்வளவுதான். ஆத்து நடுவுல நின்னா என்ன பண்ணுவே? நான் வந்து இழுக்கணும்."

ரிஸ்தீன் நகத்தால் கொஞ்சம் சுரண்டினாள். விரலுக்கு நடுவே தேய்த்தாள். சூட்டில் அது உருகியது. மோந்து பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்தாள்.

"ஐயய்யோ அக்கா, விஷம்!"

அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தாள். "உப்பு" என்றாள்.

"என்னது?"

"உப்பு போட்டிருக்கு. எந்த ஊர்லடா பேரிங் கிரீஸ்ல உப்பு போட்டு விக்கிறான்?"

அதற்குள் நாய் அவள் கைக்கு அடியில் தலையை விட்டு, கிளட்ச் தட்டை நக்கத் தொடங்கிவிட்டது. எவ்வளவு பாசத்தோடு நக்கியது என்றால், அதைப் பிடித்து இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

சுன்னா கெட்டிலைப் பனியில் வைத்துவிட்டு வந்தாள். அவளும் ஒரு துளி சுரண்டி வாயில் போட்டாள். அவள் முகம் மாறியது.

"இது நான் போட்ட உப்பு."

"என்னடி சொல்றே?" என்றான் ஆன்டே.

"மானோட முதுகுக் கொழுப்பு. நான் உப்புல போட்டு வச்சது. கடுகளவு ஏஞ்செலிகா மூலிகைத் தண்டு நசுக்கிப் போடுவேன், அந்த வாசனை அப்படியே இருக்கு. ஞாயித்துக்கிழமை உனக்குக் கட்டிக் குடுத்த கறி ஆன்டே இது."

ஆன்டே நாயைப் பார்த்தான். நாயிடமிருந்து உதவி வரவில்லை.

"அன்னைக்குத் திரும்பி வந்ததும் என்னை என்ன திட்டு திட்டினே!" சுன்னா குரல் ஏறியது. "'கொழுப்பே இல்லாத காஞ்ச கறியைக் கட்டிக் குடுத்திருக்கே, செருப்பை மென்ன மாதிரி இருக்கு, உனக்கு மனசே வரலையா'ன்னு கேட்டியே! நானும் பைத்தியக்காரி மாதிரி, கை தவறி வேற துண்டை வச்சிட்டேனோன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அது இங்க இருந்திருக்கு! அண்ணி வண்டியோட கிளட்ச் தின்னுருக்கு!"

"சூடாகட்டும்னு சைலன்சர் மேல வச்சேன்" என்றான் ஆன்டே. "எல்லாரும்தான் வைக்கிறாங்க."

"எல்லாரும் டப்பாவுல வைப்பாங்க" என்றாள் ரிஸ்தீன். அவளே சைலன்சருக்கு மேல் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்த தகர டப்பா அங்கேயே இருந்தது, சுத்தமாக, மூடியோடு. "இது என்ன, அலங்காரத்துக்கா?"

"அதுல கொள்ளல. ரெண்டு பேர் சாப்பாடு மாதிரி கட்டியிருந்தா."

"ஒத்தை ஆளா போனே!" என்றாள் சுன்னா.

"காகிதத்துல சுத்தித்தான் இருந்தது. வெள்ளிக் காகிதம். கொஞ்சம் சாய்வா வச்சேன், இப்படி, பெல்ட் தகடு மேல..." அவன் கை காட்டிய இடத்தைப் பார்த்து அவனே நிறுத்திக்கொண்டான். தகட்டில் காற்றுப் போக வரிசையாக ஓட்டை போட்டிருந்தது. காகிதம் கிழிந்து, உருகின கொழுப்பு அந்த ஓட்டை வழியாக நேராகச் சொட்டியிருக்கிறது. சூட்டில் இருந்தவரை பெல்ட் வழுக்கியிருக்கிறது. வண்டி கத்தியது, நகரவில்லை. வீட்டுக்கு வந்து குளிரில் நின்றதும் அது கல்லாக உறைந்து, தட்டையும் பெல்ட்டையும் சேர்த்து ஒட்டிப் போட்டுவிட்டது.

ரிஸ்தீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அதைவிட நல்லது ஒன்று வந்தது.

"ஆமா, இன்னொண்ணு சொல்லு. மீன் நாத்தம் இருக்கட்டும். உன் புது வண்டியில சைலன்சர் எங்க இருக்கு?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"மூடியிருக்கும். எல்லாம் மூடியிருக்கும். கை விட முடியாது."

"அதாவது, வீடு கட்டுற காசு குடுத்து வாங்கின வண்டியில ஒரு துண்டு கறி சூடு பண்ண வழியில்ல. அதுக்காக ஐயா அக்காவோட தகரத்தைக் கடன் கேட்டு வந்திருக்காரு. திரையில எழுதிக் காட்டலையா, 'உமக்கு மத்தியானச் சோறு கிடையாது'ன்னு?"

சுன்னா தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். ஆன்டேயின் காது, தொப்பிக்குக் கீழே தெரிந்த அளவுக்கு, சிவந்துபோயிற்று.

பெல்ட்டைச் சுன்னாவே உள்ளே எடுத்துப் போய்ச் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவுகிற சோப்பும் போட்டு இரண்டு முறை தேய்த்து, அடுப்புக்கு மேலே துணி காய்கிற கம்பியில் மாட்டினாள். தட்டுகளைத் துடைப்பது ஆன்டேக்கு விழுந்தது. அவன் முதலில் முடியாது என்றான். சுன்னா, "சரி, அப்ப வழிக்கு வேண்டிய சாப்பாட்டையும் நீயே கட்டிக்கோ" என்றாள். அவன் மண்டியிட்டான். பந்தய உடுப்பின் முட்டியில் பனி ஒட்டியது. அடுப்பு எரிக்கிற ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து, தட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்தான். ரிஸ்தீன் கோப்பையோடு மேலே நின்றுகொண்டு இடம் காட்டினாள்.

"அங்க. இன்னும் உள்ள. நகத்தை விடு. அந்தச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பின்னால பாரு, உன் மத்தியானச் சாப்பாடு இன்னும் மிச்சம் இருக்கு."

"தெரியுது, தெரியுது."

"தெரியாது. உனக்கு முன்னால இருக்கிறதுதான் தெரியும். பின்னால என்னங்கிறது உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

அவன் துடைப்பதை நிறுத்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் சொன்னது கிளட்சைப் பற்றி மட்டுமில்லை என்பது இருவருக்கும் புரிந்தது.

பெல்ட் காய்ந்து வந்ததும், பளபளத்துப்போன ஓரங்களை ரிஸ்தீன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினாள். மாட்டினாள். இப்போது அது தட்டுக்கு நடுவே தொளதொளவென்று கிடந்தது, கிடக்க வேண்டிய மாதிரி. கயிற்றை இழுத்தாள். இன்ஜின் கிளம்பியது; வண்டி அசையாமல் நின்றது. ஆக்சிலேட்டரை மெல்ல அமுக்கினாள். பெல்ட் ஒரு தடவை கீச்சென்றது. ஆன்டே மூக்கை உறிஞ்சினான்.

"வாடை வருது. கருகுது."

"மிச்சம் இருக்கிற கொழுப்பு கருகுது. பசிச்சா சொல்லு."

தட்டுகள் பெல்ட்டைக் கவ்வின. மஞ்சள் வண்டி முன்னால் பாய்ந்தது. கொட்டகையைச் சுற்றி, மேட்டில் ஏறி, இறங்கி, பள்ளத்தில் தேங்கியிருந்த மெத்துப்பனியில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி கிளப்பினாள். வண்டி வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வெளியே வந்தது. திரும்பி வந்து அவன் முன்னால் நிறுத்தினாள். இன்ஜினை அணைக்கவில்லை.

"ஓடுது" என்றான் ஆன்டே. "ஓடலேன்னு சொல்லல. ஆனா அக்கா, இந்த வருஷம் நீ சமையல் வண்டியிலேயே வந்துரு. பியெத்ராகிட்ட சொல்லியாச்சு. எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இப்பப் போய் மாத்திக்கிட்டு—"

"காலையில இன்ஜின். அப்புறம் கிளட்ச். இப்ப பியெத்ராவா?"

"உனக்கும் வயசாகுதில்ல."

"எனக்கு வயசானது உனக்கு எப்பத் தெரிஞ்சது? போன வருஷம், ஆத்தங்கரையில, எல்லாரும் நெருப்பைச் சுத்தி உக்காந்திருந்தப்பவா?"

அவன் கையிலிருந்த துணியைக் கீழே எறிந்தான்.

"அத்தனை பேர் முன்னாலயும் என்னைக் கேவலப்படுத்தினே! ஒரு தடவை முன்னால போற இடம் எனக்குக் கிடைச்சது. ஒரு தடவை! அதுலயும் உனக்கு நொட்டை. 'திரும்பிப் பாக்காம பந்தயம் ஓடினான்'னு சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. இன்னும் சிரிக்கிறாங்க. இந்த வருஷமும் நான்தான் முன்னால. வால்ல உக்காந்து நீ என் முதுகையே பாத்துக்கிட்டு வருவே, போய்ச் சேந்ததும் கணக்குச் சொல்லுவே."

"சொல்லாம? சினை வயித்தைத் தூக்கிக்கிட்டு அதுங்க உன் புது வண்டி வேகத்துக்கு ஓடுமா? ஒண்ணொண்ணாப் படுத்துச்சு. நான் எழுப்பி எழுப்பிக் கொண்டுவந்தேன். எழுப்ப முடியாததை இழுவையில போட்டேன். நீ ஆத்தங்கரையில உக்காந்து வண்டியைப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தே."

"ஒண்ணுதானே செத்துச்சு!"

"அது காதுல யாரு வெட்டு இருந்தது? சொல்லு, யாரு மானுங்கிற அடையாளம்?"

ஆன்டே குனிந்து, எறிந்த துணியை எடுத்தான்.

"என்னோடது" என்றாள் சுன்னா. அவள் இப்போது சிரிக்கவில்லை. "வயித்துல குட்டியோட. அண்ணி சொன்னதாலதான் எனக்கே தெரியும். நீ சொன்னது, ஓநாய் அடிச்சிருச்சுன்னு."

காற்று மாறியிருந்தது. ரிஸ்தீன் குதிகாலால் பனியைக் குத்திப் பார்த்தாள். பகல் வெயிலில் முட்டிவரை உள்வாங்கிய பனி, இப்போது டக்கென்று சத்தம் போட்டுத் திருப்பித் தள்ளியது. அவள் இழுவையைக் கொக்கியில் மாட்டினாள். படுத்துவிட்ட மானைக் கட்டுவதற்கான தோலும் கயிறும் அதில் ஏற்கனவே இருந்தன. சுருக்குக் கயிற்றைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு, நாயை இழுவை மேல் ஏறச் சொன்னாள். நாய் ஏறுவதற்கு முன் கிளட்ச் பக்கம் ஒரு தடவை ஏக்கத்தோடு பார்த்தது.

"அக்கா, நான் என்ன சொல்றேன்னா—"

"நீ ஒண்ணும் சொல்லாதே. முன்னால போ. வேகமா போகணுமா, போ. நான் பின்னால இருக்கேன். எண்ணிக்கிட்டே வருவேன்."

அப்போது சுன்னாவின் போன் அடித்தது. அவள் பார்த்துவிட்டு, "பியெத்ரா" என்றாள். பச்சைப் பொத்தானை அமுக்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினாள். ரிஸ்தீன் ஆக்சிலேட்டரை ஒரு அமுக்கு அமுக்கினாள், கொஞ்சம் தேவைக்கு மேலேயே. மஞ்சள் வண்டி தொண்டையைச் செருமியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் மந்தையின் மணிகள் ஒன்றிரண்டு கேட்டன. பனி கெட்டியாகிவிட்டது, வேலியைத் திறக்கப்போகிறார்கள்.

போனில் பியெத்ராவின் குரல் காற்றோடு கலந்து வந்தது.

"ஆன்டே? இருக்கியா? அக்காவுக்கு வண்டியே இல்லேன்னு காலையில சொன்னியே, அங்க உன் பக்கத்துல உறுமிக்கிட்டிருக்கிறது என்ன?"